பன்னிரண்டு எழுத்துப் பூட்டு

பிப்ரவரி 4

நாத்தனாருக்கு,

எட்டு மாதமாக உன்னோடு பேசாதவள் எதற்கு இப்போது தபாலில் எழுதுகிறாள் என்று கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பாய். போனில் பேசினால் நீ சிரிப்பாய், நான் கத்துவேன், காரியம் நடக்காது. ஈமெயிலில் எழுதலாம் என்றால் அந்தப் பெட்டியைத்தான் நீ ஊர் பார்க்கத் திறந்து வைத்துவிட்டாயே. அதனால் பேனா.

நீ செய்ததை நான் மறக்கவில்லை. வீட்டில் அத்தனை பேரும் கூடியிருந்த அன்று, "அண்ணி பாஸ்வேர்ட மூணே தடவைல கண்டுபிடிக்கிறேன், என்ன பந்தயம்?" என்று என் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாய். மூன்றாவது தடவையில் கண்டுபிடித்தும் விட்டாய். எல்லோரும் கைதட்டினார்கள். திரையில் முதலில் தெரிந்தது வீட்டுப் புரோக்கரின் பதில். இரண்டு அறை உள்ள தனி வீடு காலியாக இருக்கிறது, எப்போது பார்க்க வருகிறீர்கள் என்று கேட்டிருந்தார். உன் அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டுதான் நின்றிருந்தார். நீ மறுநாளே ரயிலேறிவிட்டாய். அதற்குப் பிறகு உன் அம்மாவோடு அதே வீட்டில் இருந்தது நான்.

அது கிடக்கட்டும். இப்போது எனக்கு வேறு தலைவலி.

எங்கள் ஸ்கேன் சென்டரில் போன மாதம் ஒரு டீச்சரின் ரிப்போர்ட்டை யாரோ திறந்து பார்த்து வெளியே சொல்லிவிட்டார்கள். அந்தம்மாவுக்கு உடம்பில் என்ன கோளாறு என்று அவர் வீட்டுக்காரருக்குத் தெரிவதற்கு முன்னால் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. யார் திறந்தார்கள் என்று தேடினால் கம்ப்யூட்டர் என் பெயரைக் காட்டுகிறது. அந்த நேரத்தில் நான் சாப்பிடப் போயிருந்தேன். ஆனால் முன் மேசையில் இருப்பவள் நான், என் பாஸ்வேர்டு அங்கே சுவருக்கும் தெரியும். உன் அண்ணனின் செல்லப் பெயர், பக்கத்தில் ஒன்று இரண்டு மூன்று.

டாக்டரம்மா என்னை உள்ளே கூப்பிட்டார். அந்த இடமே அவருடையதுதான். "உங்கள நான் சந்தேகப்படல. ஆனா உங்க பேருல நடந்திருக்கு. இந்த மாசக் கடைசிக்குள்ள எல்லாருக்கும், யாராலயும் ஊகிக்க முடியாத பாஸ்வேர்டா போட்டுக் குடுங்க. அது உங்க பொறுப்பு. இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா நான் உங்கள வெச்சுக்க முடியாது" என்றார். குரலை உயர்த்தவேயில்லை. அதுதான் பயமாக இருந்தது.

இந்த வேலை போனால் எனக்கு என்ன ஆகும் என்று உனக்கு விளக்க வேண்டியதில்லை. காலையில் அந்த வீட்டிலிருந்து வெளியே போக எனக்கு இருக்கிற ஒரே வாசல் இதுதான்.

நானே யோசித்து ஏழு பேருக்கும் எழுதிப் பார்த்தேன். எங்கள் எக்ஸ்ரே டெக்னீஷியன் அதை வாங்கிப் பார்த்தார். ஆள் பூசணிக்காய் மாதிரி இருப்பார், நாங்கள் வைத்த பெயர் மட்டும் எலும்பு. "இது உங்க தெரு பேரு. இது உங்க வீட்டுக் கதவு நம்பர். இது உங்க மாமியார் பேரத் திருப்பிப் போட்டது" என்று ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார். என் மண்டையிலிருந்து எது வந்தாலும் அதில் என் வீடுதான் இருக்கிறது.

ஆகவே பாலுக்குப் பூனையையே காவல் வைக்கிறேன். உன்னாலும் ஊகிக்க முடியாத பாஸ்வேர்டு வேண்டும். நீ ஏதாவது கோப்பு அனுப்பினால் திறக்க மாட்டேன், அதற்குள் என்ன வைத்திருப்பாய் என்று யாருக்குத் தெரியும்? உன் பழைய லேப்டாப் இங்கே பரணில் கிடக்கிறது. என்ன அடிக்க வேண்டும் என்று தாளில் எழுது. ஒவ்வொரு எழுத்தையும் நானே அடிக்கிறேன். உன் அண்ணனிடம் மூச்சு விடாதே.

அண்ணி


பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

கவரின் மேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ உடம்பு சரியில்லை என்றுதான் நினைத்தேன். பிரிப்பதற்கு முன் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். படித்து முடித்ததும் நிம்மதியாக இருந்தது, திட்டுதான் வந்திருக்கிறது என்று.

அன்றைக்கு நடந்ததற்கு மன்னிப்பு கேட்க பத்துத் தடவை போன் செய்தேன். நீங்கள் எடுக்கவில்லை. அண்ணனிடம் கேட்டால், "அவ தூங்குறா" என்றான், மாலை ஆறு மணிக்கு. அதற்குப் பிறகு எனக்கும் கொஞ்சம் வீம்பு வந்துவிட்டது. தப்பு செய்தவளுக்கு வீம்பு எதற்கு என்று கேட்பீர்கள். தெரியவில்லை, வந்தது.

இனி வேலை. எலும்பு சொன்னது சரி. மனுஷ மண்டையால் குலுக்க முடியாது. அதனால் குலுக்குகிற வேலையைக் கம்ப்யூட்டரிடம் விடுவோம். தனித்தாளில் இருபது வரிகள் எழுதியிருக்கிறேன். லேப்டாப்பைத் திறந்தால் கறுப்பு ஜன்னல் ஒன்று இருக்கும், டெர்மினல் என்று பெயர். படம் கிடையாது, பொத்தான் கிடையாது. நீங்கள் அடிப்பீர்கள், அது பதில் சொல்லும், அவ்வளவுதான்.

அந்த இருபது வரிகள் செய்வது இதுதான். ஒரு வரியில் எழுத்துகளைக் கொட்டி வைத்திருக்கிறேன்: ஆங்கிலச் சின்ன எழுத்து, பெரிய எழுத்து, எண், சில குறிகள். ஒன்று என்ற எண்ணையும் அதே மாதிரி தெரிகிற சின்ன 'எல்' எழுத்தையும், பூஜ்யத்தையும் 'ஓ' எழுத்தையும் எடுத்துவிட்டேன், உங்கள் சென்டர் டைப்பிஸ்ட் குழம்பக் கூடாது. ஓட்டினால், எத்தனை எழுத்து வேண்டும் என்று கேட்கும். பன்னிரண்டு என்று சொல்லுங்கள். எத்தனை பாஸ்வேர்டு என்று கேட்கும். அதையும் சொல்லுங்கள். குவியலிலிருந்து ஒவ்வொன்றாகக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கோத்துக் கொடுக்கும்.

ஒரு வரியின் கீழே கோடு போட்டிருக்கிறேன் பாருங்கள், பதினேழு என்ற எண் இருக்கிற வரி. அது சோதனைக்காக. நீங்கள் தாளைப் பார்த்து அடிப்பதால் பிழை வரலாம் இல்லையா? அந்த வரி இருக்கும் வரை முதலில் வருகிற பாஸ்வேர்டு சின்ன கே, ஒன்பது, பெரிய டி, ஆச்சரியக்குறி என்று ஆரம்பித்து சின்ன எம்மில் முடிய வேண்டும். வந்தால் எல்லாம் சரி. அதற்குப் பிறகு அந்த வரியை அழித்துவிடுங்கள். என்ன மாற்ற வேண்டும் என்று தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

இன்னொன்று. இந்தச் செய்முறையை ஒளித்து வைக்க வேண்டியதில்லை. யார் பார்த்தாலும் பரவாயில்லை. நான் எழுதியதுதான், ஆனால் அது என்ன பாஸ்வேர்டைத் தரும் என்று எனக்கே தெரியாது. ரகசியம் செய்முறையில் இல்லை, குலுக்கலில் இருக்கிறது. என்மேல் இருக்கிற பயத்துக்கு இது மருந்து.

அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்கலாமா?

வாலு


பிப்ரவரி 15

வாலுக்கு,

முதலில் உன் கையெழுத்து. கோழி கிளறிய மாதிரி எழுதிவிட்டு, ஒரு புள்ளி பிசகினாலும் ஓடாது என்றால் என்ன நியாயம்? புள்ளிக்கு மேல் புள்ளி வைத்தாயா, அரைப்புள்ளி வைத்தாயா என்று பூதக்கண்ணாடியில் பார்த்தேன். எண்டரைத் தட்டினால் நாலு வரி ஆங்கிலத்தில் திட்டுகிறது. திருத்தினால் வேறு நாலு வரி. உன் அம்மா பரவாயில்லை, ஒரே திட்டைத்தான் திரும்பத் திரும்பத் திட்டுவார்.

லேப்டாப்பைச் சாப்பாட்டு மேசையில் வைத்து அடித்துக்கொண்டிருந்தேன். உன் அண்ணன் பின்னால் வந்து நின்றான்.

"என்ன பண்ற?"

"ஆபீஸ் வேலை."

"கறுப்பா இருக்கு. கெட்டுப்போச்சா?"

"இது இப்படித்தான் இருக்கும்."

"யார் சொன்னா?"

நான் அடுத்த வரியை அடித்தேன். அவன் டீவி பார்க்கப் போய்விட்டான். எதையும் இரண்டாவது தடவை கேட்காதவனைக் கட்டிக்கொண்டதில் இப்படியும் ஒரு சௌகரியம் இருக்கிறது.

அத்தை எப்படி இருக்கிறார் என்று கேட்டிருக்கிறாய். நன்றாக இருக்கிறார். அன்றைக்குப் பிறகு என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, திட்டவும் இல்லை. அதற்குப் பதிலாக மரியாதை கொடுக்க ஆரம்பித்துவிட்டார். "உங்களுக்குக் காபி வேணுமா?" என்கிறார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து "நீ, வா, போ" என்று இருந்தவர் இப்போது வாடகைக்கு இருப்பவளிடம் பேசுகிற மாதிரி "உங்களுக்கு" என்கிறார். நான் அந்த வீட்டைப் பார்க்கப் போகவேயில்லை. உன் அண்ணனிடம் கூடச் சொல்லாமல் சும்மா ஒரு ஆசைக்கு விசாரித்தது அது. நானே இரண்டு நாளில் மறந்திருப்பேன். நீ அதை எல்லோருக்கும் ஞாபகப்படுத்திவிட்டாய்.

இதை எழுதக் கூடாது என்று நினைத்தேன். எழுதிவிட்டேன், கிழிக்கவும் மனமில்லை.

ஒன்பதாவது வரியிலிருந்து என்ன தப்பு என்று சொல். நாள் ஓடுகிறது.

அண்ணி


பிப்ரவரி 19

அன்புள்ள அண்ணிக்கு,

ஒன்பதாவது வரியிலிருந்து பதினான்கு வரை ஓரத்திலிருந்து நாலு இடம் தள்ளி ஆரம்பிக்க வேண்டும். ஒரே அளவு இடம், கூடக் கூடாது, குறையக் கூடாது. தாளில் தள்ளித்தான் எழுதியிருந்தேன், ஆனால் சொல்லவில்லை. எனக்குப் பழகிப்போனதால் அது எல்லோர் கண்ணுக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேன். எட்டாவது வரியின் கடைசியில் இருப்பது புள்ளிக்கு மேல் புள்ளி. இந்தக் கடிதத்துடன் அதே இருபது வரிகளை மறுபடி கட்டம் போட்ட தாளில், ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்தாக எழுதி வைத்திருக்கிறேன். ஒண்ணாம் வகுப்பில் கூட இவ்வளவு அழகாக எழுதியதில்லை.

"உங்களுக்கு" என்று அம்மா சொல்வதைப் படித்ததும் சாப்பிடப் பிடிக்கவில்லை. அவள் என்னிடம் எதுவுமே சொல்லவில்லை அண்ணி. போனில் கேட்டால் "எல்லாரும் நல்லாருக்கோம்" என்பாள். நான் பந்தயம் கட்டியது உங்கள் பெட்டிக்குள் இருப்பதைப் பார்க்க அல்ல. எனக்கு இந்த வேலை வந்து, வீட்டில் யாருக்கும் நான் என்ன செய்கிறேன் என்று புரியாமல், அன்றைக்கு ஒரு தடவையாவது எல்லோரும் என்னைப் பார்த்துக் கைதட்ட வேண்டும் என்று இருந்தது. அவ்வளவு சின்ன புத்திதான். வெட்கமாக இருக்கிறது.

ஓடியதும் எழுதுங்கள்.

வாலு


பிப்ரவரி 26

வாலுக்கு,

ஓடிவிட்டது!

கட்டம் போட்ட தாள் வந்த அன்றே உட்கார்ந்து அடித்தேன். எண்டரைத் தட்டியதும் திட்டவில்லை. எத்தனை எழுத்து என்று மரியாதையாகக் கேட்டது. பன்னிரண்டு என்றேன். எத்தனை பாஸ்வேர்டு என்றது. சோதனைக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்றாக ஏழு, மொத்தம் எட்டு என்றேன். முதல் வரியில் சின்ன கே, ஒன்பது, பெரிய டி, ஆச்சரியக்குறி! நீ சொன்னபடியே சின்ன எம்மில் முடிந்தது. நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். என் வாழ்க்கையில் நான் சொன்னதை முதல் தடவையே கேட்டது இந்த ஒன்றுதான்.

முதலாவதை யாருக்கும் கொடுக்கவில்லை, அது உனக்குத் தெரிந்தது. மற்ற ஏழையும் துண்டுத் தாளில் எழுதி, மடித்து, ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தேன். பாஸ்வேர்டு மனப்பாடமானதும் துண்டைக் கிழித்துப் போடச் சொன்னேன். டைப்பிஸ்ட் இரண்டு நாள் முணுமுணுத்துக்கொண்டே அடித்தார், இப்போது விரலுக்குப் பழகிவிட்டதாம். டாக்டரம்மா தன்னுடையதைப் பார்த்துவிட்டு, "இத யாராலயும் ஊகிக்க முடியாது, எனக்கே ஞாபகம் இருக்காது" என்று சிரித்தார். போன மாதத்துக்குப் பிறகு என்னைப் பார்த்து அவர் சிரித்தது அன்றுதான்.

நீ அழிக்கச் சொன்ன, பதினேழு இருக்கிற வரியை நான் அழிக்கவில்லை. காரணம் இருக்கிறது. எலும்பு தினமும் காலையில் முதல் ஆளைப் படம் எடுப்பதற்கு முன், படிப்படியாக வெட்டிய ஓர் அலுமினியக் கட்டையை வைத்து ஒரு படம் எடுப்பார். நேற்று வந்த மாதிரியே இன்றும் வந்தால் மிஷின் சரி. மாறி வந்தால் எங்கோ கோளாறு, அன்றைக்கு யாரையும் படுக்க வைக்க மாட்டார். அதே மாதிரி நானும் காலையில் கிளம்புவதற்கு முன் உன்னுடையதை ஒரு தடவை ஓட்டிப் பார்க்கிறேன். சின்ன கே, ஒன்பது, பெரிய டி வந்தால் என் லேப்டாப்பில் யாரும் கை வைக்கவில்லை என்று அர்த்தம். இதுவரை ஒரு நாளும் மாறவில்லை. நீ யோசிக்காததை நான் யோசித்திருக்கிறேன், பார்த்தாயா?

எலும்புக்கு ஒரே ஆர்வம். செய்முறையை யார் பார்த்தாலும் பரவாயில்லை என்று நீ எழுதியிருந்தாய், அதனால் கட்டத்தாளைக் கொடுத்தேன். வீட்டில் ஓட்டிப் பார்க்கிறேன் என்று பார்த்து எழுதிக்கொண்டு போனார்.

உனக்கு நன்றி சொல்ல வேண்டும். சொல்கிறேன்.

அண்ணி


மார்ச் 2, கூரியரில்

அண்ணி,

இதைப் படிக்கும்போது பக்கத்தில் யாரும் இருக்க வேண்டாம்.

நீங்கள் கொடுத்த ஏழு பாஸ்வேர்டும் எனக்குத் தெரியும்.

நான் எங்கும் நுழையவில்லை, எதையும் திறக்கவில்லை. என் மேசையில் அதே இருபது வரிகளை அதே பதினேழோடு ஓட்டினேன், எட்டு கேட்டேன், வந்துவிட்டது. இரண்டாவது பெரிய ஆரில் ஆரம்பித்து நட்சத்திரக் குறியில் முடியும், அது டாக்டரம்மாவுடையதாக இருக்கும். எட்டாவது உங்களுடையது, சின்ன டபிள்யூவில் ஆரம்பிக்கும். எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில்தானே நீங்கள் உட்காருவீர்கள். மறுபடியும் ஊகித்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள். முழுதாக எழுதவில்லை, கடிதம் யார் கையிலும் கிடைக்கலாம்.

கம்ப்யூட்டர் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கும் என்று எழுதினேன் இல்லையா, அது பாதிப் பொய். அது கணக்குப் போட்டுத்தான் எடுக்கும். ஓர் எண்ணில் ஆரம்பித்தால் அந்த எண்ணுக்கு உரிய வரிசையில்தான் போகும். பதினேழில் ஆரம்பித்தால் இங்கேயும் அதே, அங்கேயும் அதே, நாளைக்கும் அதே. ஆரம்ப எண் யாருக்கும் தெரியாத வரைதான் அது குலுக்கல். அலுமினியக் கட்டை மாறாமல் இருந்தால் நல்லது. இது மாறாமல் இருந்தால் ஆபத்து.

உங்கள்மேல் தப்பில்லை. ஏன் அழிக்க வேண்டும் என்று நான் ஒரு வரி எழுதியிருந்தால் நீங்கள் அழித்திருப்பீர்கள். செய்முறையைக் காட்டலாம் என்று சொன்னவளும் நான். இப்போது எலும்பு கையில் அந்தத் தாள் இருக்கிறது. அவர் நல்லவராகவே இருக்கட்டும். அவர் வீட்டில் அதை ஓட்டினால் உங்கள் ஏழு பேருடைய பாஸ்வேர்டும் அவர் திரையில் இருக்கும்.

கூட ஒரு தாள் வைத்திருக்கிறேன். அதில் மூன்றே வரிகள் மாறும். பதினேழு கிடையாது. மிஷினே தனக்குள் நடக்கிற ஆயிரம் சலசலப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும், இரண்டு தடவை ஒன்றுபோல வரவே வராது. இன்றே ஏழு புதிது எடுத்து, மாற்றிவிடுங்கள். மாதம் ஒரு தடவை மாற்றுவது வழக்கம் என்று சொன்னால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். டாக்டரம்மாவிடம் எதுவும் சொல்ல வேண்டாம். இன்னும் ஒன்றும் நடக்கவில்லை, எதற்கு நீங்களாக வேலைக்கு உலை வைத்துக்கொள்ள வேண்டும்?

கடிதம் கிடைத்ததும் அண்ணனுக்குப் போன் செய்து உங்களிடம் கொடுக்கச் சொல்லலாம் என்று கையில் எடுத்தேன். அவன் "என்ன விஷயம்" என்பான், அம்மா "என்னடா" என்பாள், மறுபடியும் உங்கள் விஷயம் கூடத்துக்கு வந்துவிடும். வைத்துவிட்டேன். சரியா தப்பா என்று தெரியவில்லை.

வாலு


மார்ச் 4

வாலுக்கு,

கூரியர்க்காரர் ஆபீஸுக்கே கொண்டுவந்து கொடுத்தார். படித்ததும் பொறுக்க முடியாமல் பாத்ரூமில் போய் நின்று அழுதேன். ஐந்து நிமிடம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்து அடுத்த ஆளுக்கு டோக்கன் கொடுத்தேன்.

முதலில் உன்மேல் கோபம் வந்தது. பிறகு என்மேல். நீ யோசிக்காததை நான் யோசித்துவிட்டேன் என்று பெருமை அடித்தேனே, அதை நினைத்தால்தான் தாங்கவில்லை. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதை.

மாலையில் உன் புதுத் தாளை அடித்தேன். ஓடியது. மூன்று தடவை ஓட்டினேன், மூன்று தடவையும் வேறு வேறு. பார்க்கப் பயமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

சொல்லாமல் மாற்றிவிடு என்கிறாய். அதையும் யோசித்தேன், யோசிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்தப் பத்து நாளில் யாராவது எதையாவது திறந்து பார்த்திருந்தால்? மறுபடியும் ஒரு டீச்சரம்மா தெருவில் தலை குனிந்து போக வேண்டி வந்தால்? அது நடந்ததா என்று தேடிப் பார்க்க டாக்டரம்மாவால்தான் முடியும், சொன்னால்தான் தேடுவார். நாளை காலை, முதல் பேஷண்ட் வருவதற்கு முன் சொல்லப் போகிறேன். வேலை போனால் போகட்டும் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் போகக் கூடாது. எனக்கு இந்த வேலை வேண்டும்.

அண்ணி


மார்ச் 7

அன்புள்ள அண்ணிக்கு,

இது உங்களுக்குப் பிந்தித்தான் வரும், தெரியும். இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

பழியை என்மேல் போடுங்கள். எழுதிக் கொடுத்தது நான், விளக்காமல் விட்டதும் நான். வேண்டுமானால் டாக்டரம்மாவுக்கு நானே கடிதம் எழுதுகிறேன், நேரில் வரச் சொன்னால் லீவு போட்டுவிட்டு வருகிறேன். "என் நாத்தனாருக்கு அடுத்தவங்க பெட்டியத் திறக்கிற புத்தி ஏற்கெனவே உண்டு" என்று நீங்கள் சொன்னாலும் எனக்குச் சம்மதம். உண்மைதானே.

பதில் வரும் வரை எனக்கு ஒரு வேலையும் ஓடாது.

வாலு


மார்ச் 8

வாலுக்கு,

பழியை உன்மேல் போடச் சொல்லி நீ எழுதியது இன்னும் வரவில்லை, ஆனால் எழுதியிருப்பாய் என்று தெரியும். எனக்கும் கொஞ்சம் ஊகிக்கத் தெரியும்.

ஐந்தாம் தேதி காலையில் டாக்டரம்மா அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது. பதினேழு, அலுமினியக் கட்டை, எலும்பு எழுதிக்கொண்டு போன தாள், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். அவர் கேட்டுவிட்டு எலும்பைக் கூப்பிட்டார். அவர் மூச்சிரைக்க வந்து நின்றார்.

"அந்தத் தாளை ஓட்டிப் பாத்தீங்களா?"

"பாத்தேன் மேடம். எத்தனை தடவ ஓட்டினாலும் அதேதான் வந்துச்சு. நம்ம வீட்டுக் கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சுன்னு மூடி வெச்சுட்டேன்."

"அதுல உங்க பாஸ்வேர்டு இருந்துச்சே, பாக்கலயா?"

"மொத்தமா கேட்டாத்தானே மேடம் வரும்? நான் ஒண்ணு ஒண்ணாத்தான் கேட்டேன்."

அவரை அனுப்பிவிட்டு, பத்து நாளில் யார் யார் எதைத் திறந்தார்கள் என்று டாக்டரம்மாவே கம்ப்யூட்டரில் ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். வெளியே பேஷண்டுகள் வந்து பெஞ்சில் உட்காரும் சத்தம் கேட்டது. கடைசியில் திரையிலிருந்து கண்ணை எடுத்தார். எல்லாம் அவரவர் வேலைதான், சந்தேகப்பட ஒன்றுமில்லை என்றார்.

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அதற்குள் அடுத்த கேள்வி கேட்டார்.

"இந்தத் தப்பக் கண்டுபிடிச்சது யாரு?"

"என் நாத்தனார். எழுதிக் குடுத்ததும் அவதான்."

"அப்ப அவங்களுக்கு நம்ம எல்லாரோட பாஸ்வேர்டும் தெரியும்."

"தெரியும் டாக்டர்."

"என்னோடதுமா?"

"உங்களோடதுதான் முதல்ல."

"அவங்க உள்ள வந்து எதையும் பாத்திருக்க மாட்டாங்கன்னு நீங்க எப்படிச் சொல்றீங்க?"

"வரமாட்டா டாக்டர்."

"அவ்வளவு நிச்சயமா?"

"என் வேலைய வெச்சுச் சொல்றேன். அவ வரமாட்டா."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுச் சிரித்தார். "நம்ம கம்ப்யூட்டர் எதுக்கும் வெளி இன்டர்நெட் லைனே கிடையாதேம்மா. வெளியூர்ல இருந்து யாரு நினைச்சாலும் உள்ள வர முடியாது. அதச் சொன்னாப் போதுமே, எதுக்கு வேலைய எல்லாம் பணயம் வைக்கிறீங்க?" என்றார்.

அது எனக்குத் தெரியாதா? ஆறு வருஷமாக அந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். லைன் இல்லாததால்தான் ரிப்போர்ட்டை எல்லாம் அச்சடித்துக் கவரில் போட்டுக் கொடுக்கிறோம், அந்தக் கவரை ஒட்டுவதே நான்தான். ஆனால் அவர் கேட்ட அந்த நிமிடத்தில் அது ஞாபகத்துக்கே வரவில்லை. உன்னால் வர முடியாது என்று சொல்லியிருக்கலாம். நீ வரமாட்டாய் என்றுதான் வாயில் வந்தது.

வேலை இருக்கிறது. "வந்து சொன்னீங்க பாருங்க, அதுக்காகத்தான்" என்றார் டாக்டரம்மா. அன்றைக்கே ஏழு பேருக்கும் புதிது கொடுத்தாகிவிட்டது. ஜனவரியில் என் பெயரில் நுழைந்தது யார் என்று இன்னும் தெரியவில்லை, தெரியாமலே போகலாம்.

பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன், என் ஸ்டாப்பைத் தாண்டி இரண்டு ஸ்டாப் போய்விட்டேன். உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. சீக்கிரம் போகாது, அத்தை என்னை மறுபடி "நீ" என்று கூப்பிடும் வரையாவது இருக்கும். ஆனால் இந்த எட்டு மாதத்தில் ஒரு நாள்கூட நான் உன்னைச் சந்தேகப்பட்டதில்லை. அதை நான் அந்த அறையில் நின்றுதான் தெரிந்துகொண்டேன்.

உன் அண்ணி